பிளாட்பாரத்துப் பிறந்த வீடு

"பைய மேல வெச்சிட்டு நல்லா ஒக்காருங்களேன்" என்று எதிர் சீட்டுக்காரர் இரண்டாவது தடவையாகச் சொன்னார். இளவரசு காதில் விழாதவர் போல ஜன்னல் பக்கம் திரும்பி, மடியிலிருந்த துணிக்கடைப் பையை வயிற்றோடு சேர்த்து இழுத்துக்கொண்டார்.

"இல்லைங்க, அது கோடி" என்றாள் பக்கத்திலிருந்த அவர் மனைவி ஸ்ரீமதி. "இவுரு அக்கா தவறிட்டாங்க."

அந்த மனிதர் சட்டென்று காலை உள்ளே இழுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு போனில்கூட அவர் சத்தமாகப் பேசவில்லை.

காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தவள், அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாளாம். ஆஸ்பத்திரி, மருந்து, யார் கையையும் எதிர்பார்த்துக் கிடப்பது எதுவும் இல்லை. செல்லாயி அக்கா எதையும் இழுத்தடிக்கிற ஆளே இல்லை, சாவையும் சேர்த்து. அடுத்த தெருவில் குடியிருக்கும் அவள் மகள் கயல்விழிதான் போன் செய்தாள். "அம்மா போயிடுச்சி மாமா" என்றாள். பிறகு, "கோடி எடுத்துக்கினு வந்துடுங்க" என்றாள்.

கட்டிக்கொடுத்த பெண் செத்துப்போனால் அவள் பிறந்த வீட்டிலிருந்து புதுப்புடவை வரவேண்டும். எத்தனை பேர் எத்தனை பட்டு கொண்டுவந்து குவித்தாலும், உடம்பை ஒட்டிப் போவது பிறந்த வீட்டுக் கோடிதான். அது வராமல் தூக்க மாட்டார்கள். அதிலும் அக்கா பூவும் பொட்டுமாகப் போகிறவள். சிதம்பரம் அண்ணாமலை நகர் வீட்டில் இளவரசு சட்டையை மாட்டிக்கொண்டு, எந்தக் கடை இந்நேரத்துக்குத் திறந்திருக்கும் என்று யோசித்து நின்றபோது, ஸ்ரீமதி பீரோவைத் திறந்து அரக்குக் கலர் பட்டுப்புடவை ஒன்றை எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள். அடுத்த மாதம் மகளின் வளைகாப்புக்கென்று மேலவீதிக் கடையில் ஏறி இறங்கி எடுத்தது. கடை ஸ்டிக்கரைக்கூட இன்னும் உரிக்கவில்லை.

"இது பாப்பாவுக்கு எடுத்ததாச்சே!"

"பாப்பாவுக்கு வேற எடுத்துக்கலாம். கட தொறக்கற வரைக்கும் அண்ணிய காத்திருக்கச் சொல்றீங்களா?" என்ற ஸ்ரீமதி, புடவையைப் பையில் போட்டாள். "அன்னிக்கு அத்த செஞ்சதத்தான் நான் செய்யறேன்."

அத்தை என்றால் இளவரசுவின் அம்மா லோகநாயகி. அன்றைக்கு அவள் செய்தது என்ன என்பது இந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். வளைகாப்புப் புடவையைச் சாவுக்கு எடுத்துப்போவதைக் கேட்டால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்பதும் ஸ்ரீமதிக்குத் தெரியும். இளவரசுக்கு மனைவியின் கையைப் பிடித்துக்கொள்ளவேண்டும் போலிருந்தது. பிடிக்காமல் செருப்பைத் தேடினார்.

ரயில் கிள்ளையைத் தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியது. இந்தத் தண்டவாளத்தின் அந்தக் காலத்துப் பெருமையை அப்பா சபாபதி, டீ ஆற்றிக்கொண்டே வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சொல்லுவார். சிதம்பரம் பிளாட்பாரத்தில் அவருக்கு டீக்கடை. "எழும்பூர்ல டிக்கெட் வாங்குனா கொழும்புல போய் எறங்கலாம், ஒரே டிக்கெட்டு! தனுஷ்கோடி வரைக்கும் ரயிலு, கடலுக்குக் கப்பலு, அந்தாண்ட தலைமன்னார்ல திரும்ப ரயிலு. நம்ம டீய குடிச்சிட்டுத்தான் எல்லாரும் கடலத் தாண்டுவான்" என்பார். இந்த டீதான் கப்பலுக்கே கரி போட்டது என்கிற மாதிரி இருக்கும். அப்புறம் அடித்த புயலில் தனுஷ்கோடியோடு தண்டவாளமும் போனது. கப்பல் ராமேஸ்வரத்திலிருந்தே புறப்பட ஆரம்பித்தது. அப்போதும் ஜனங்கள் அந்த வண்டியைப் போட் மெயில் என்றுதான் சொன்னார்கள்.

அந்த வண்டியில்தான் செல்லாயி வந்தாள். இரண்டு நாட்டு சர்க்கார்களும் ஒப்பந்தம் போட்டு, இலங்கையில் தேயிலைத் தோட்டத்து ஜனங்களைக் கப்பல் கப்பலாக இந்தப் பக்கம் அனுப்பிக்கொண்டிருந்த காலம். மலையில் பிறந்து, மலையிலேயே கொழுந்து பறித்து, கடலையே பார்த்திராத ஜனம் மூட்டை முடிச்சோடு ராமேஸ்வரத்தில் இறங்கியது. ஆந்திராவில் நூல் மில்லில் வேலை என்று சொல்லி ஒரு கூட்டத்தை ரயிலேற்றியிருந்தார்கள். அதில் ஒரு பெண்ணுக்கு வழியெல்லாம் காய்ச்சல். சிதம்பரத்தில் கைத்தாங்கலாக இறக்கிப் பெஞ்சில் படுக்கவைத்தார்கள். வண்டி கிளம்பிப் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிப்பதற்குள் அந்தப் பெண்ணின் உயிரும் போய்விட்டது. பக்கத்தில் எட்டு வயதுப் பெண் ஒருத்தி, அம்மாவின் கால்மாட்டில் தகரப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். அப்பன் இல்லை, வேறு யாரும் இல்லை.

எடுத்துப் போடுவதற்கு ஆள் வந்தாயிற்று. அப்பாதான் குறுக்கே நின்றார். "பொம்பளைய கோடி போடாம தூக்கிக்கினு போவீங்களா?" என்றார். அந்த அம்மாளுக்குப் பிறந்த வீடு எது? கடலுக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா? யாருக்குத் தெரியும்? அப்பா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார். அம்மா பொங்கலுக்கென்று வாங்கிக் கட்டாமல் வைத்திருந்த புதுப்புடவையை எடுத்துக் கொடுத்தாள். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை இல்லை. இளவரசுக்கு அப்போது ஐந்து வயது. அம்மாவின் புதுப்புடவை வீட்டை விட்டுப் போகிறது என்று தெருவில் புரண்டு அழுததுதான் அவருக்கு ஞாபகம்.

"நான் போடறேன். நான் அண்ணன்னு வெச்சிக்குங்க" என்று சொல்லி அப்பா கோடியைப் போர்த்தினாராம். அதுவரை அழாமலும் பேசாமலும் இருந்த அந்தச் சின்னப் பெண், குனிந்து புடவையின் மூலையைப் பார்த்தாளாம். துணிக்கடையின் ஊதா மை முத்திரை அங்கே இருந்தது. அதில் விரலை வைத்து, "சி... த... ம்... ப... ர... ம்" என்று எழுத்துக் கூட்டிப் படித்தாளாம். "அதாம்மா இந்த ஊரு" என்றாராம் அப்பா. அப்புறம்தான் அவள் அழுதாளாம்.

அப்படி வீட்டுக்கு வந்தவள்தான் அக்கா. வந்த மறுநாளே அப்பாவின் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "தேயிலையை இப்பிடியா கொல்லுறது?" என்று கேட்டவள். சர்க்கரையைத் தனியாகக் கையில் வைத்து நக்கிக்கொண்டு பாலில்லாத டீ குடிப்பதை அந்தத் தெருவுக்கே காட்டியவளும் அவள்தான். முறை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் குழப்பம் ஆகிவிட்டது. செத்தவளுக்கு அண்ணனாகக் கோடி போட்டதால், அப்பாவை அவள் மாமா என்று கூப்பிட்டாள். அம்மா அதையெல்லாம் பார்க்கவில்லை. "என்ன நீ அம்மான்னு கூப்புடு" என்றுவிட்டாள். ஆக, அந்த வீட்டில் அம்மாவின் புருஷன் மாமாவாக இருந்தார். தெரு சிரித்தது. வீட்டில் ஒருத்தருக்கும் அது உறைக்கவேயில்லை.

ரயில் ஆலப்பாக்கத்தில் நின்று கிளம்பியது. "ஒரு பொடவ குடுத்து ஒரு பொண்ண வாங்குனேன்" என்று அம்மா சொல்லுவாள். பக்கவாதம் வந்து படுத்த பிறகு, வாய் கோணியபடியே அதைச் சொன்னாள். வெள்ளிக்கிழமை ஆனால் அக்கா கடலூரிலிருந்து ரயிலேறி வந்து, அம்மாவைக் குளிப்பாட்டி, தலைவாரி, பொட்டு வைத்துவிட்டுப் போவாள். சின்ன லைனைப் பிடுங்கிப் பெரிய லைன் போட்டார்களே, மூன்று வருஷத்துக்கு மேல் இந்தப் பக்கம் ரயிலே கிடையாது. அப்போதும் பஸ்ஸில் இடிபட்டு வந்தாள். பெற்ற மகன் இளவரசு பக்கத்திலேயே இருந்தார். ஆனாலும் அம்மா வெள்ளிக்கிழமைக்குத்தான் காத்திருப்பாள். அக்கா இல்லாவிட்டால் அம்மா படுத்திருந்த நாலு வருஷத்தை எப்படிக் கடந்திருப்போம் என்று நினைக்கும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சு நிறைந்துபோகும். அதை ஒரு தடவையாவது அவளிடம் சொல்லியிருக்கலாம்.

கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் இறங்கி, ஆட்டோ பிடித்து வீட்டுத் தெருவுக்குப் போனார்கள். வாசலில் பந்தல் போட்டுப் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பரப்பியிருந்தார்கள். கோடி மேளத்தோடுதான் வாசலேற வேண்டும் என்பதால், ஸ்ரீமதி பையை எதிர்வீட்டில் வைத்துவிட்டு வந்தாள். கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அக்கா தூங்குகிற மாதிரி இருந்தாள். நெற்றியில் பெரிய பொட்டு. கோலம் போட்ட வெள்ளை மாவு வலது கை விரலிடுக்கில் இன்னும் இருந்தது. யாரும் துடைக்கவில்லை.

"மச்சான்" என்று எழுந்து வந்தார் அக்காவின் கணவர் கொளஞ்சிநாதன். மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். ஊரில் எந்த மெஷின் நின்றாலும் ஓடவைத்துவிடுவார் என்று பெயர். இளவரசுவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, "நின்னுபோச்சி மச்சான், என்னா செய்யறதுன்னே தெரியல" என்றார்.

மகன் அருண்குமார் பெங்களூரிலிருந்து வந்து சேர மத்தியானம் ஆகிவிடும். அதுவரைக்கும் காத்திருக்கவேண்டும். சாவு வீட்டில் காத்திருக்கிற ஆம்பளைகள் என்ன செய்வார்கள்? டீ குடிப்பார்கள், பேசுவார்கள். பந்தலில் நடுநாயகமாகக் குறிஞ்சிப்பாடிப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். கொளஞ்சிநாதனுக்குப் பெரியப்பா மகன். குடும்பத்தில் கல்யாணமோ கருமாதியோ, எது முன்னே எது பின்னே என்று அவரைக் கேட்டுத்தான் செய்வார்கள். நல்ல மனிதர். ஆனால் முறையென்று வந்துவிட்டால் பெற்ற பிள்ளைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

அவர்தான் பேச்சுக் கொடுத்தார். "சிலோன்லேர்ந்து வந்த பொண்ணுன்னு சொல்வாங்களே, அது எப்பிடிப்பா?"

இளவரசுக்கு அக்காவைப் பற்றிப் பேசக் கிடைத்ததே போதும் என்றிருந்தது. போட் மெயிலில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். அப்பா ஓடியதை, அம்மா புடவை கொடுத்ததை, அக்காவிடம் அம்மா என்று கூப்பிடச் சொன்னதை, தான் தெருவில் புரண்டதை. கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். டீயைப் பற்றிச் சொன்னபோது ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"அப்ப ஒங்கப்பா அந்தம்மாவுக்கு அண்ணன் மொறையில கோடி போட்டாரு?" என்றார் பெரியவர்.

"ஆமா மாமா."

"இந்தப் பொண்ணு அவுர என்னான்னு கூப்புடும்?"

"மாமான்னுதான். கடேசி வரைக்கும் மாமாதான்" என்று இளவரசு சிரித்தார்.

பெரியவர் சிரிக்கவில்லை. தோள் துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். "அப்ப நீ தம்பி இல்லியேப்பா. மாமன் மவன்."

இளவரசுக்கு முதலில் புரியவில்லை.

"பொறந்த வூட்டு கோடின்னா அப்பன் போடணும், இல்ல அண்ணன் தம்பி போடணும். மாமன் மவன் கட்டிக்கற மொற. அவன் எப்பிடி போடறது?" பெரியவர் குரலில் கோபமே இல்லை, கணக்கில் விட்டுப்போனதைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். "இத்தினி வருசமா எனக்கே தெரியாமப் போச்சி பாரு. போற ஆத்மாவுக்குத் தப்பா எதுவும் செஞ்சிடக் கூடாது. நீயும் போடு, நான் வேணாங்கல. எல்லாரும் போட்டதுக்கப்புறம் மாமன் மவன் மொறைக்கு கடேசியா போடு. பொறந்த வூட்டு கோடி இல்லைன்னு வெச்சிக்கினு மத்தத செஞ்சிடலாம்."

"அண்ணே..." என்றார் கொளஞ்சிநாதன். அண்ணனை எதிர்த்து அவர் வாழ்க்கையில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இளவரசு டீ டம்ளரைக் கீழே வைத்தார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் ஒன்றுமே இல்லை. பிறந்த வீடு இல்லாத பொம்பளை. ஐம்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பேச்சு அக்காவின் பக்கத்தில்கூட வராமல் அப்பாவும் அம்மாவும் பார்த்துக்கொண்டார்கள். பொங்கலுக்குப் பொங்கல் சீர், பிரசவத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு அழைத்துப்போவது, ஆடிக்கு ஒரு புடவை, ஒன்றிலும் குறை வைத்ததில்லை. கடைசி நாளில், தான் திறந்த வாயால், அவளை மறுபடி அந்தப் பிளாட்பாரத்தில் தகரப் பெட்டிமேல் உட்காரவைத்தாயிற்று. பெரியவரிடம் என்ன சொல்வது? அவர் சொன்ன முறையில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. எதிர்வீட்டு வாசலில் நின்றிருந்த ஸ்ரீமதியைப் பார்த்தார். அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

கூடத்திலிருந்து கயல்விழி வெளியே வந்தாள். அழுது வீங்கிய முகம். பெரியவர் நாற்காலிக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"பெரியப்பா, ஒண்ணு கேக்கறேன். அம்மாவுக்கு மாமன் மவன்னா எனக்கு என்னா மொற?"

பெரியவர் யோசிக்கவே இல்லை. "சித்தப்பன் மொற."

"சித்தப்பன் மடியில ஒக்கார வெச்சி காது குத்துவாங்களா?"

பந்தலில் இருந்தவர்கள் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"கொளஞ்சியப்பர் கோயில்ல எனக்கு இவுரு மடியிலதான காது குத்துனீங்க? தம்பிக்கும் இவுரு மடியிலதான்." கயல்விழி நிறுத்தவில்லை. "எங்கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர்னு இவுரு தட்டு தூக்கிக்கினு வந்தப்ப நீங்கதான முன்னாடி நின்னு வாங்குனீங்க? இப்ப மொற தப்புன்னா, அன்னிக்கு குத்துனதும் தப்புதான்." காதிலிருந்த தோட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து, தலையை அவர் பக்கம் சாய்த்துக் காட்டினாள். "இந்த ஓட்டைய அடைச்சி வுடுங்க பெரியப்பா. அடைச்சிட்டு அம்மாவத் தூக்குங்க."

பெரியவர் அந்தக் காதைப் பார்த்தார். உள்ளே கண்ணாடிப் பெட்டியின் மோட்டார் சத்தம் மட்டும் கேட்டது.

"நாந்தான்" என்றார் கடைசியில். "தாய்மாமன் எங்க, தாய்மாமன் எங்கன்னு கோயிலே அதிர்ற மாதிரி கத்துனதும் நாந்தான். இவன் கக்கூஸ் போயிருந்தான்." பின்னால் யாரோ மூக்கைச் சிந்துகிற மாதிரி சிரிப்பை அடக்கினார்கள். பெரியவர் கையை நீட்டிக் கயல்விழியின் உள்ளங்கையை மூடினார். "தோட்ட மாட்டும்மா. சாவு வூட்ல காத வெறுமனே வெச்சிக்கினு ஒக்காரக் கூடாது. மடியில ஒக்கார வெச்சது ஒக்கார வெச்சதுதான். அதுக்கப்புறம் என்னா மொற இருக்குது!"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். இளவரசுவைப் பார்த்து, "ஏம்ப்பா, ஒங்கம்மா பேரு என்னா?" என்று கேட்டார்.

"லோகநாயகி."

"மொத்தத்துல அந்தம்மா சொன்னதுதான் சரி. இந்தப் பொண்ணு அவுங்கள அம்மான்னு கூப்பிட்டுச்சா, இல்லியா? அத மொதல்ல சொல்லியிருந்தா நான் ஏன் இவ்ளோ பேசப்போறேன்" என்று பழியை இளவரசு தலையிலேயே போட்டுவிட்டு, மேளக்காரர்களைத் தேடிப் போனார்.

இளவரசு கயல்விழியிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் தோட்டை மாட்டுவதில் மும்முரமாக இருந்தாள். துளை அகப்படவில்லை. குனிந்து, அவரே மாட்டிவிட்டார்.

அருண்குமார் வந்து சேர்ந்து, அக்காவைக் குளிப்பாட்டி, கூடத்திலிருந்து வாசலுக்குக் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். இளவரசுவும் ஸ்ரீமதியும் தெருமுனைக்குப் போய் நின்றார்கள். தாம்பாளத்தில் புடவை, மஞ்சள், குங்குமம், பூ. மேளம் அவர்களுக்கு முன்னால் அணிவகுத்தது. அதற்கும் முன்னால் குறிஞ்சிப்பாடிப் பெரியவர், கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைக்கிற மிடுக்கோடு நின்றார்.

மேளக்காரர் அடிக்கும் முன் திரும்பி, "எந்த ஊரு கோடிங்க?" என்று கேட்டார். ஊர் சொல்லித்தான் அழைத்துப்போவது வழக்கம்.

பெரியவர் பதில் சொல்லாமல் இளவரசுவைப் பார்த்தார். நீயே சொல்லு என்கிற மாதிரி.

காலையிலிருந்து இளவரசு அழவில்லை. ரயிலில் அழவில்லை, பெட்டிக்குள் அக்காவைப் பார்த்து அழவில்லை. "சிதம்பரம்" என்று சொல்ல ஆரம்பித்தவர் முதல் எழுத்திலேயே அழுதுவிட்டார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அந்தப் பெயர் வெளியே வந்தது.

"சிதம்பரத்துலேர்ந்து பொறந்த வூட்டு கோடி வருது, வழி வுடுங்க!" என்று பெரியவர் தெருவே திரும்பிப் பார்க்கக் குரல் கொடுத்தார். மேளம் அடிக்க ஆரம்பித்தது.

வாசலில் பெண்கள் விலகி வழி விட்டார்கள். இளவரசு புடவையை உதறி விரித்தார். ஒரு பக்கம் ஸ்ரீமதி பிடித்துக்கொண்டாள்; கால்மாட்டில் பெரியவரே குனிந்து நேராக இழுத்துவிட்டார். அரக்குப் பட்டு அக்காவின் கழுத்திலிருந்து பாதம் வரை இறங்கியது. கொளஞ்சிநாதன் அதையே பார்த்தபடி நின்றார்.

மேலே வந்த முந்தானை மூலையில் கடை ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததை ஸ்ரீமதி அப்போதுதான் கவனித்தாள். அவசரத்தில் காலையில் உரிக்க விட்டுப்போயிருந்தது. நகத்தால் ஓரத்தைச் சுரண்டப் போனாள். கடையின் பெயர், அதற்குக் கீழே மேலவீதி, அதற்கும் கீழே ஊர்.

"இருக்கட்டும் வுடு" என்றார் இளவரசு.

ஸ்ரீமதி கையை எடுத்தாள். பிறகு எழுத்து தெரிகிற மாதிரி அந்த மூலையை நிமிர்த்தி, அக்காவின் கைப்பக்கமாக வைத்தாள்.